எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டே ஃபேன்டஸி நாவல் எழுத முடியுமா?

கேள்வி இதுதான்: "எம்.ஏ. தமிழ் முதலாண்டு படிக்கிறேன். காப்பியம், தொல்காப்பியப் பொருளதிகாரம், சிற்றிலக்கியம், இக்கால இலக்கியம் என்று தாள்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு ஃபேன்டஸி நாவலும் எழுதிக்கொண்டிருக்கிறேன், பதினோரு அத்தியாயம் முடிந்திருக்கிறது. படித்தால் எழுத முடியவில்லை. எழுத உட்கார்ந்தால் படிக்கவில்லையே என்று மனது அரிக்கிறது. போதாக்குறைக்கு, சிலப்பதிகாரம் வாசித்துவிட்டு எழுதினால் என் வாக்கியம் எனதாகவே இல்லை. படிப்பு முடியும்வரை நாவலை ஓரமாக வைத்துவிடவா?"

வைக்க வேண்டாம். கல்லூரியில் காப்பியமும் சிற்றிலக்கியமும் நடத்துகிறவன், கதையும் எழுதுகிறவன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வியோடு வருகிற மாணவர்களில் பாதிப்பேர் கடைசியில் எழுத்தை விட்டுவிடுகிறார்கள், அது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. நேரம் இல்லாததால்தான் விட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. பாடநூல் ஒரு பக்கம், தன் கதை இன்னொரு பக்கம், இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று முடிவுகட்டிவிட்டதால்தான் விட்டார்கள். தமிழில் மாய உலகம் படைக்க நினைக்கும் ஒருவருக்கு உங்கள் பாடத்திட்டம் போல ஒரு புதையல் வேறு எந்தத் துறையிலும் கிடைக்காது. என்ஜினியரிங் படிக்கிற பிள்ளைகள் எத்தனையோ பேர் ஃபேன்டஸி எழுதுகிறார்கள். அவர்கள் தேடி அலைய வேண்டியதை உங்களுக்குக் கட்டாயப் பாடமாகவே வைத்திருக்கிறார்கள்.

சிலப்பதிகாரத்தையே எடுத்துக்கொள்வோம், அதுதானே உங்களைப் படுத்துகிறது. இந்திர விழவூர் எடுத்த காதையில் (காதை என்றால் காப்பியத்தின் ஒரு பகுதி) ஐவகை மன்றங்கள் வரும். தேர்வுக்கு அது ஒரு ஐந்து மதிப்பெண் கேள்வி. பெயர்களை மனப்பாடம் செய்துவிட்டு எல்லோரும் அடுத்த காதைக்குப் போய்விடுவார்கள். நீங்கள் அங்கே நின்று பாருங்கள். புகார் நகரத்தில் வெள்ளிடை மன்றம் என்று ஓர் இடம். பெயரும் எண்ணும் பொறித்த சரக்குப் பொதிகள் கதவும் காவலும் இல்லாமல் கிடக்கின்றன. திருட வருகிறவனின் கழுத்துக் கடுக்கும்படி அந்தப் பொதியே தலையில் ஏறி அவனைச் சுற்றிச் சுற்றி வரவைக்குமே தவிர வெளியே விடாது. இலஞ்சி மன்றத்துப் பொய்கையில் மூழ்கினால் கூனரும் குள்ளரும் ஊமையரும் செவிடரும் தொழுநோயாளிகளும் குணமாகி எழுகிறார்கள். நெடுங்கல் நின்ற மன்றத்தைச் சுற்றிவந்து தொழுதால் நஞ்சுண்டவனுக்கும் பாம்பு கடித்தவனுக்கும் பேய் பிடித்தவனுக்கும் துயர் நீங்கும். பூத சதுக்கத்துப் பூதம், போலித் தவசிகளையும் நம்பிக்கைத் துரோகம் செய்யும் அமைச்சர்களையும் பொய்ச்சாட்சி சொல்பவர்களையும் பாசக்கயிற்றில் கட்டி அடித்துத் தின்னும். அதன் எச்சரிக்கைக் குரல் நான்கு காதத் தொலைவு கேட்கும். பாவை மன்றத்தில் ஒரு பாவை நிற்கிறது. அரசனின் கோல் வளைந்தாலும், நீதி சொல்லும் அவை ஒரு பக்கம் சாய்ந்தாலும் அது வாய் திறக்காது, கண்ணீர் மட்டும் விடும்.

இதில் கவனிக்க வேண்டியது, மாயம் என்பது இங்கே யாரோ ஒரு மந்திரவாதியின் தனிச்சொத்து இல்லை. அது நகராட்சி. சுங்கக் காவல், மருத்துவமனை, காவல்துறை, நீதிமன்றக் கண்காணிப்பு எல்லாம் மாயத்தால் நடக்கும் ஒரு ஊர். ஒவ்வொன்றுக்கும் இன்னதுதான் செய்யும், இன்னதைச் செய்யாது என்று எல்லை உண்டு. பூதம் அடிக்கும், அழாது. பாவை அழும், அடிக்காது. இன்றைக்கு ஃபேன்டஸி எழுதுகிறவர்கள் மாய விதிகள் தெளிவாக இருக்க வேண்டும் என்று மணிக்கணக்கில் பேசுகிறோமே, அது இந்தச் சில பத்து அடிகளில் முடிந்திருக்கிறது.

அப்புறம் பத்துக் காதை தள்ளி அடைக்கலக் காதைக்கு வாருங்கள். மாடலன் என்ற அந்தணன் கோவலனின் பழைய நற்செயல்களைச் சொல்கிறான். அதில் ஒன்று: ஒரு பத்தினியின் மேல் பொய்ப்பழி சொன்ன ஒருவனைச் சதுக்கப் பூதம் பிடித்துக்கொண்டது, அவனுடைய தாயின் துயரம் பொறுக்காமல் கோவலன் அந்தப் பாசத்துக்குள் தானே புகுந்து, என் உயிரை எடுத்துக்கொண்டு இவனை விடு என்கிறான், பூதம் மறுக்கிறது. ஒரு தீயவனின் உயிருக்கு நல்லவனின் உயிரை வாங்கும் வழக்கம் தன்னிடம் இல்லை என்று சொல்லிவிட்டு, கோவலன் கண்ணெதிரே அந்தப் பொய்ப்பழிக்காரனைப் புடைத்து உண்கிறது. கோவலன் அந்தத் தாயையும் சுற்றத்தையும் பல ஆண்டு காப்பாற்றுகிறான். ஐந்தாம் காதையில் ஒரு விதியைச் சொல்லி, பதினைந்தாம் காதையில் அதே விதியை வைத்து நாயகனின் குணத்தைக் காட்டுகிறார் இளங்கோ. நாயகன் என்பதற்காக விதி வளையவில்லை. விதி வளையாததால்தான் நமக்குக் கோவலன் யாரென்று தெரிகிறது. மாதவியிடம் பொருளைத் தொலைத்தவன் என்று மட்டும் நாம் அறிந்த ஒருவன், இன்னொருவனுக்காக உயிர் கொடுக்கப் போனவன் என்பதை அவன் சாவதற்குச் சற்று முன்புதான் கேட்கிறோம். நாவல் எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல பாடம் என்ன வேண்டும்? நான் வகுப்பில் இன்னொன்றும் சொல்வதுண்டு: பாவை இருந்த ஊர் புகார். கோல் வளைந்தது மதுரையில். அங்கே அழுவதற்குக் கண்ணகிதான் இருந்தாள்.

மணிமேகலைக்கு வருவோம். உங்கள் தாளில் அதிலும் சில காதைகள் இருக்கும். அமுதசுரபியை எல்லோரும் சொல்வார்கள், நான் காயசண்டிகை என்ற வித்தியாதரப் பெண்ணைச் சொல்கிறேன். ஒரு முனிவர் உண்ண வைத்திருந்த நாவற்கனியை அவள் காலால் சிதைத்துவிடுகிறாள். அவருடைய நோன்பில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் ஒரே கனி அது. அவர் சாபமிடுகிறார்: என் பசி இனி உன் பசி, பன்னிரண்டு ஆண்டு. யானைத்தீ என்று பெயர் அந்த நோய்க்கு; எவ்வளவு தின்றாலும் அடங்காது. வானத்தில் பறக்கும் மந்திரமும் அவளுக்கு மறந்துபோகிறது. சாபத்தின் அளவு குற்றத்தின் அளவோடு எப்படிப் பொருந்துகிறது பாருங்கள். அவள் அழித்தது பன்னிரண்டு ஆண்டின் உணவு, பெற்றது பன்னிரண்டு ஆண்டின் பசி. அமுதசுரபியின் சோற்றால் பசி தீர்ந்து, பறக்கும் ஆற்றல் திரும்பி, ஊருக்குக் கிளம்பியவளை விந்தமலையைக் காக்கும் விந்தாகடிகை நிழலைப் பற்றி இழுத்து விழுங்கிவிடுகிறாள். இது எதுவும் அவள் கணவன் காஞ்சனனுக்குத் தெரியாது. இதே நேரத்தில் மணிமேகலை, தன்னைத் துரத்தும் சோழ இளவரசன் உதயகுமரனிடமிருந்து தப்புவதற்காக வேற்றுருவம் கொள்ளும் மந்திரத்தால் காயசண்டிகை வடிவத்தில் இருக்கிறாள். காஞ்சனன் வருகிறான், தன் மனைவி இளவரசனோடு பேசுகிறாள் என்று நினைக்கிறான், உதயகுமரனை வாளால் வெட்டுகிறான். பாதுகாப்புக்காகத் தெய்வம் கொடுத்த மந்திரம் ஒரு கொலையில் போய் முடிகிறது. மூன்று கதைச்சரடுகள், ஒரு சாபம், ஒரு வேடம், ஒருவருக்கும் முழு உண்மை தெரியாத ஒரு கணம். இதன் முடிச்சை ஒரு தாளில் படமாக வரைந்து பாருங்கள். கதைப்பின்னல் பற்றித் தனியாக ஒரு புத்தகம் வாங்க வேண்டியிருக்காது.

போர் வெற்றியைப் பாடும் சிற்றிலக்கியமான பரணி பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, கலிங்கத்துப்பரணியை நீங்களே ஒரே மூச்சில் படித்துவிடுவீர்கள். வரலாற்றில் அது முதல் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்ற போர். ஆனால் அதைப் பாடிய செயங்கொண்டார் அந்தப் போரை யார் வாயால் சொல்ல வைக்கிறார்? பசியில் வாடும் பேய்களின் கூட்டத்தில், காளியின் முன்னால், ஒரு பேய் வந்து சொல்கிறது. மன்னர்களின் போரை, அதில் விழுந்த பிணங்களைத் தின்னக் காத்திருப்பவர்களின் கண்ணால் பார்க்கிற கோணம் இன்றைக்கும் புதிதாக இருக்கிறது. களத்தில் கூழ் சமைக்கும் பகுதியில், பேய்கள் யானைத் தந்தத்தால் பல் விளக்கி, யானையின் விலா எலும்பால் நாக்கு வழித்துக்கொண்டு சாப்பிட உட்கார்கின்றன. அந்தப் பல் விளக்குவதுதான் எனக்கு முக்கியம். பயங்கரத்தை நம்ப வைப்பது அதற்குள் இருக்கும் அன்றாட வேலை.

தொல்காப்பியம் வறட்சியாக இருக்கிறது என்பார்கள். அகத்திணையியலில் கருப்பொருள், அதாவது ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய பொருள்கள், சொல்லும் நூற்பாவை எடுங்கள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று எட்டை வரிசையாகச் சொல்லி, இவை போன்ற பிறவும் என்று முடிக்கும். உங்கள் நாவலில் வரும் ஒவ்வொரு நாட்டுக்கும் இந்த எட்டுக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். மலைநாட்டு மக்கள் என்ன தின்கிறார்கள், எந்தத் தோலில் பறை செய்கிறார்கள், சாவுக்கு எதை வாசிக்கிறார்கள், யாரைக் கும்பிடுகிறார்கள். பதில் வராத இடத்தில் உங்கள் உலகம் இன்னும் காலியாக இருக்கிறது என்று அர்த்தம். அதோடு முதற்பொருள் என்று நிலத்தையும் பொழுதையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார் தொல்காப்பியர். எந்த நிலத்தில் எந்த நேரத்தில் எந்த உணர்ச்சி என்பது வரை முறையாகச் சொல்லிவைத்த இலக்கணம் இது. குறிஞ்சியும் முல்லையும் மழையில்லாமல் தம் இயல்பு திரிந்தால் பாலையாகிவிடும் என்று சிலப்பதிகாரம் சொல்வதையும் இதோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிலம் இன்னொரு நிலமாக மாறும் உலகம்! இதை வைத்து ஒரு முழு நாவலே எழுதலாம், எழுதுங்கள்.

வெளியே ஓர் உதாரணம் சொல்கிறேன், உங்கள் நிலைமைக்கு அவ்வளவு பொருத்தம். ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய ஜே.ஆர்.ஆர். டோல்கீன் 1911-இல் ஆக்ஸ்போர்டில் கிரேக்க, லத்தீன் இலக்கியம் படிக்கச் சேர்ந்தார். பாடத்தை விட்டுவிட்டு ஃபின்னிஷ் மொழி இலக்கணத்தையும் தானே உருவாக்கிய மொழிகளையும் கட்டிக்கொண்டு இருந்ததில் 1913-இல் நடந்த இடைத்தேர்வில் இரண்டாம் வகுப்புதான் கிடைத்தது. கல்லூரி அவரை ஆங்கில இலக்கியத்துக்கு மாறச் சொல்லி அனுமதித்தது. அங்கே படிப்புக்காக வாசித்த பழைய ஆங்கிலச் சமயப் பாடல் ஒன்றில் ஏயாரெண்டெல் என்ற ஒரு விண்மீன் பெயர் அவரைப் பிடித்துக்கொண்டது. 1914 செப்டம்பரில் அதை வைத்து ஒரு கவிதை எழுதினார். அவருடைய பெரிய புராண உலகம் முழுக்க அந்தக் கவிதையிலிருந்து விரிந்ததுதான். 1915-இல் முதல் வகுப்பில் தேறினார். பாடத்தை விட்டு ஓடிய காலத்தில் மதிப்பெண் போனது. தன் மனதுக்கு நெருக்கமான பாடத்துக்குள் இறங்கியதும் மதிப்பெண்ணும் வந்தது, கதைக்கு விதையும் கிடைத்தது. உங்களுக்குத் துறை மாற வேண்டிய தேவையே இல்லை, ஏற்கெனவே சரியான இடத்தில்தான் இருக்கிறீர்கள்.

சரி, இனி நடைமுறைக்கு வருவோம். வாக்கியம் எனதாக இல்லை என்று சொன்னீர்களே, அதற்குக் காரணம் எளிது. சிலப்பதிகாரத்தின் அகவல் ஓசை காதில் நின்றுவிட்டால் அதிலிருந்து வெளியே வரச் சில மணி நேரம் ஆகும். அடைமேல் அடையாக வரும், வினை கடைசிவரை வராது, எல்லாம் தொகையாக ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுத்தை முதலில் வையுங்கள். காலையில் எழுந்ததும், கைபேசியைத் தொடுவதற்கு முன்னால், பாடநூலைத் திறப்பதற்கு முன்னால், அரை மணி நேரம் உங்கள் நாவல். அது முன்னூறு சொல்லோ நூறு சொல்லோ கணக்கு வேண்டாம். எழுத உட்காரும்போது முந்தைய நாள் எழுதிய கடைசிப் பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். உங்கள் குரல் உங்கள் காதில் விழுந்தபிறகு தொடருங்கள். ஹாஸ்டலில் ஒரே அறையில் நாலு பேர் என்றால் மொட்டைமாடியோ நூலகத்து வாசலோ பார்த்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் ஒரு மணி நேரம் வந்துபோகிறவர் என்றால், கைபேசியில் உரையாடல்களை மட்டும் எழுதலாம். வர்ணனையைவிட உரையாடல்தான் கூட்டத்தில், சத்தத்தில் எழுத வரும்.

எல்லாப் பாடமும் நடையை ஒரே மாதிரி பாதிப்பதில்லை, இதைப் பலரும் கவனிப்பதில்லை. இலக்கணம் படிக்கும் வாரங்களில் உங்கள் உரைநடைக்கு ஒன்றுமே ஆகாது. நன்னூல் நூற்பா யாருடைய கதையிலும் போய் ஒட்டிக்கொள்ளாது. மொழி வரலாறு, திறனாய்வுக் கொள்கை இவையும் அப்படித்தான். அந்த வாரங்களில் புதிய அத்தியாயங்களை வேகமாக எழுதுங்கள். காப்பியமும் பரணியும் படிக்கும் வாரங்களில் காலை அரை மணி நேரம் மட்டும். உண்மையில் ஆபத்து இக்கால இலக்கியத் தாளில்தான் இருக்கிறது. நல்ல நவீன நாவல் ஒன்றைப் பாடத்துக்காகப் படிக்கும்போது அந்த ஆசிரியரின் நடை நமக்குத் தெரியாமலே நம் பேனாவுக்குள் வந்துவிடும், அகவலாவது வெளிப்படையாகத் தெரியும், இது தெரியவே தெரியாது. அந்த நாட்களில் புதிதாக எழுதாமல், ஏற்கெனவே எழுதியதை வெட்டித் திருத்துங்கள், வரைபடம் போடுங்கள், பாத்திரங்களின் பரம்பரை எழுதுங்கள். ஆக, செமஸ்டர் தொடங்கும்போதே பாடத்திட்டத்தை எடுத்து எந்த வாரம் எது என்று பார்த்து, அதற்கேற்ப நாவல் வேலையைப் பிரித்துவைத்தால் மனதில் பாதிச் சண்டை குறைந்துவிடும்.

படிக்கும் முறைக்கு ஒரு நோட்டு போதும். வலப்பக்கம் தேர்வுக்கு, இடப்பக்கம் கதைக்கு. படித்துக்கொண்டிருக்கும்போது கதைக்கு ஏதாவது தோன்றினால் இடப்பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதிவிட்டு உடனே பாடத்துக்குத் திரும்புங்கள். இந்த ஒரு வரி என்ற கட்டுப்பாடு முக்கியம். தோன்றிய உடனே கதையை விரிக்க ஆரம்பித்தால் அன்றைக்குப் படிப்பு போய்விடும், அதைவிட மோசம், அடுத்த நாள் பார்த்தால் அந்த யோசனையும் பெரும்பாலும் வெறும் உற்சாகமாகத்தான் இருக்கும். ஒரு வரியாக ஒரு வாரம் கிடந்து, அதற்குப் பிறகும் கூப்பிடுகிற யோசனைதான் நாவலுக்குள் வரத் தகுதியானது. அந்த வரியும் "பாவை அழுகிறது" என்று இருக்கக் கூடாது, "பேச முடியாத சாட்சி, அநியாயத்தை அறியும், தடுக்க முடியாது" என்று இருக்க வேண்டும். பெயரை எடுக்காதீர்கள், விதியை எடுங்கள். உங்கள் மலைநாட்டில் அது ஒரு கிணறாக இருக்கலாம், ஊர்த்தலைவர் பொய்த்தீர்ப்பு சொன்ன அன்று தண்ணீர் உப்பாகிவிடும்; தண்ணீர் இறைக்க வரும் ஒரு பெண்ணுக்குத்தான் அது முதலில் தெரியும்; சொன்னால் அவள் குடும்பத்துக்கு ஆபத்து. இப்போது இது உங்கள் கதை. கண்ணகியின் பெயரை மாற்றி வைத்து இன்னொரு நகரத்தை எரிப்பதுதான் தழுவல். ஒரு விதியை வாங்கி வேறு மனிதர்கள் மேல் வைத்தால் என்ன நடக்கும் என்று பார்ப்பதைத் தழுவல் என்று யாரும் சொல்ல முடியாது. காலம்காலமாகக் கதைசொல்லிகள் செய்துவருவது அதைத்தான்.

மூலத்தைப் படிக்காமல் நோட்ஸ் மட்டும் படித்துத் தேர்வு எழுதலாமே, மிச்ச நேரம் எழுதலாமே என்று தோன்றும். தேறிவிடுவீர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் மேலே நான் சொன்ன பல் விளக்கும் பேய் எந்த நோட்ஸிலும் இருக்காது, பூதம் மறுத்த காரணம் இருக்காது. நாவலுக்குப் பயன்படுகிற எல்லாம் மூலத்தில்தான் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஐம்பது, அறுபது அடி. முதலில் புரியாவிட்டாலும் வாய்விட்டு ஒருமுறை, பிறகு பதம் பிரித்து ஒருமுறை, அப்புறம் உரை. சிலப்பதிகாரத்துக்கு வேங்கடசாமி நாட்டார் உரை வழிகாட்டும். நேரம் இருக்கிற நாளில் பழைய உரையாசிரியரான அடியார்க்கு நல்லாரைத் திறந்து அரங்கேற்று காதையை மட்டுமாவது பாருங்கள். ஆடல் அரங்கு ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம், அந்தக் கோலுக்கு இருபத்து நான்கு விரல் என்று இளங்கோவே அளந்து வைத்திருக்கிறார், உரையாசிரியர் அதற்கு மேல் போய் இசையும் கூத்தும் விளக்குகிறார். கையில் புத்தகம் இல்லையென்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகத்திலும் மதுரைத் திட்டத்திலும் மூலங்கள் இலவசமாகக் கிடைக்கும்.

எல்லா அலகையும் இதே ஆழத்தில் படிக்க உங்களால் முடியாது, முடிய வேண்டியதும் இல்லை. பல பல்கலைக்கழகங்களில் ஒரு தாளுக்கு ஐந்து அலகு, அகமதிப்பீடு 25, எழுத்துத் தேர்வு 75. அலகுக்கு ஒரு கேள்வி கட்டாயம் வரும் என்பதால் ஐந்திலும் அடிப்படை தெரிந்திருக்க வேண்டும். நெடுவினாவில் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உண்டு என்றால் மூன்று அலகை ஆழமாக, மூலத்தோடு படித்தாலே நன்றாக எழுதலாம். உங்கள் பழைய வினாத்தாள்களைப் பார்த்து இதை உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆழமாகப் படிக்கும் மூன்றை உங்கள் நாவலுக்கு எது உதவுமோ அதிலிருந்து தேர்ந்தெடுங்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த வழி அசைன்மென்ட்டும் செமினாரும்தான். தலைப்பு உங்கள் கையில் இருக்கும்போது ஏன் "சிலம்பில் அறக்கருத்துகள்" என்று எல்லோரும் எழுதியதையே எழுத வேண்டும்? சக்கரவாளக் கோட்டத்தின் சுடுகாட்டு அமைப்பு, பரணியில் பேய்களின் உடலும் பசியும், காடுகாண் காதையின் மூன்று வழிகள், கந்திற்பாவை என்ற பேசும் சிற்பம், மணிமேகலையில் சாபமும் அதன் கால அளவும் என்று எத்தனை இருக்கின்றன. அந்த மூன்று வழிகளைப் பற்றி ஒரு மாணவி கட்டுரை எழுதினாள். மதுரைக்குப் போகும் பாதை சூலம்போல் மூன்றாகப் பிரிகிறது. இடப்பக்க வழியில் ஒரு பிலம் (குகை), அதற்குள் மூன்று பொய்கை, ஒன்றில் நீராடினால் இந்திரனுடைய இலக்கண நூல் கைவரும், ஒன்றில் முற்பிறப்பு தெரியும், ஒன்றில் நினைத்தது கிடைக்கும். வாசலில் வரோத்தமை என்ற தெய்வம் கேள்வி கேட்டு, பதில் சொன்னவர்களுக்குத்தான் கதவைத் திறக்கும். கோவலனும் கண்ணகியும் அந்த வழியில் போகவில்லை, அவர்களோடு வரும் சமணத் துறவி கவுந்தியடிகள் அதெல்லாம் வேண்டாம் என்றுவிடுகிறார். போகாத பாதையை எதற்கு இவ்வளவு விரிவாகச் சொன்னார் கவிஞர் என்பதுதான் அவள் கட்டுரை. நல்ல மதிப்பெண் வாங்கினாள், அந்தக் கேள்வியிலிருந்தே ஒரு குறுநாவலும் எழுதினாள். ஒரே உழைப்பு, இரண்டு இடத்தில் கணக்கு. ஆனால் கட்டுரை எழுதிய அன்றே கதையைத் தொடாதீர்கள், "இதன்வழி அறியலாகிறது" என்ற நடை கதைக்குள் வந்துவிட்டால் கதை செத்துவிடும்.

தேர்வுக்கு முந்தைய மூன்று வாரம் நாவலை மூடிவையுங்கள். அப்போது எழுத முயல்வது இரண்டையும் கெடுக்கும். மூடுவதற்கு முன் அடுத்து வரப்போகும் காட்சியை அரைப் பக்கத்தில் எழுதி வையுங்கள்: யார் எங்கே நிற்கிறார்கள், என்ன வேண்டும், என்ன தடுக்கிறது, முதல் வாக்கியம் என்ன. தேர்வு முடிந்து திறக்கும்போது வெற்றுப் பக்கத்தின் முன்னால் நிற்க வேண்டியிருக்காது. பிரதிலிபி மாதிரித் தளங்களில் தொடராகப் போடுகிறீர்கள் என்றால், செமஸ்டர் தொடங்குவதற்கு முன்பே சில அத்தியாயங்களைக் கைவசம் எழுதி வைத்துக்கொண்டுதான் முதல் பகுதியை வெளியிட வேண்டும். வாசகர்கள் அடுத்தது எப்போது என்று கேட்க ஆரம்பித்தபிறகு அந்த அன்பே பெரிய பாரமாகிவிடும், அவசரத்தில் கதையைத் திருப்பக் கூடாத பக்கம் திருப்பிவிடுவீர்கள்.

எழுதாமல் உலகத்தை மட்டும் கட்டிக்கொண்டே இருக்கும் ஆசையிலும் கவனம் வேண்டும். பாடம் இவ்வளவு சரக்கு தரும்போது நோட்டின் இடப்பக்கம் நிரம்பிவிடும், நாவல் பதினோராம் அத்தியாயத்திலேயே நிற்கும். ஓர் அத்தியாயம் எழுத எது தேவையோ அதை மட்டும் எடுங்கள், மற்றவை நோட்டில் இருக்கட்டும்.

பேராசிரியர்களிடம் நாவல் எழுதுவதைச் சொல்லலாமா என்றால், சொல்லுங்கள், ஆனால் கையெழுத்துப் பிரதியைக் கொண்டுபோய் நீட்டாதீர்கள். முந்நூறு பக்கம் படிக்க அவர்களுக்கும் நேரம் இருக்காது. பாடத்திலிருந்து ஒரு கேள்வியோடு போங்கள்: "ஐயா, விந்தாகடிகை நிழலைப் பிடித்து இழுக்கிறாளே, இதுபோல நிழலைப் பிடிக்கும் கதை வேறு எங்கே வருகிறது?" கம்பராமாயணத்தில் அனுமன் கடல் தாவும்போது அங்காரதாரை குறுக்கே வருவதிலிருந்து தொடங்கி அவர் உங்களுக்கு அரை மணி நேரம் பேசுவார், ஐந்து நூல் சொல்வார். நீங்கள் அம்மா என்று அழைக்கும் பேராசிரியரானாலும் ஐயா என்று அழைக்கும் பேராசிரியரானாலும், தன் பாடத்தை இவ்வளவு ஆசையாகப் படிக்கும் மாணவரை யாரும் விரட்டமாட்டார்கள். செமினார் தலைப்புகளைச் செமஸ்டர் தொடக்கத்திலேயே பிரித்துக் கொடுத்துவிடுவார்கள், அதனால் காயசண்டிகையையோ சதுக்கப் பூதத்தையோ வேறு யாரும் எடுப்பதற்கு முன்னால் இந்த வாரமே போய்க் கேளுங்கள்.